சாம்பலில் மோதிரம் மட்டுமா இருக்கிறது?

எரிந்து முடிந்த ஒரு வீடு. சுவர் இல்லை, கூரை இல்லை. புகைபோக்கி மட்டும் தன்னந்தனியாக நிற்கிறது. அந்த மனையில் நாலைந்து பேர் வெள்ளை மேலுடுப்பும் முகமூடியும் கையுறையும் அணிந்து, குனிந்து, சாம்பலை அள்ளிச் சல்லடையில் கொட்டிச் சலிக்கிறார்கள். கல்யாண மோதிரம், தகப்பனார் பட்டாளத்தில் வாங்கிய பதக்கம், பாட்டி வைத்திருந்த பீங்கான் கோப்பை, இப்படி ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று தேடுகிறார்கள். கிடைத்தால் வீட்டுக்கார அம்மாளின் கையில் கொடுக்கிறார்கள். அவள் அழுகிறாள். அவர்களும் அவளோடு நின்று ஜெபம் செய்கிறார்கள்.

தேடுகிறவர்கள் அந்த அம்மாளுக்கு உறவினர் அல்ல. பலர் அந்த ஊர்க்காரர்கள்கூட அல்ல. எங்கிருந்தோ புறப்பட்டு, கூலி எதுவும் வாங்காமல் வேலை செய்ய வந்த சர்ச் தொண்டர்கள்.

அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தில், பாரடைஸ் என்ற மலையூரில் நடந்தது இது. சொர்க்கம் என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம். 2018 நவம்பர் 8ஆம் தேதி காலையில் அந்தச் சொர்க்கத்தைக் காட்டுத் தீ தின்று தீர்த்தது.

இந்தச் சங்கதியை நமது படிப்பு வட்டம் ஒன்றில் பேசியபோது தோழர்களுக்குள் பெரிய வாக்குவாதம் மூண்டது. "சாமியார் கூட்டம் செய்கிற தர்மம் இது. ஜனங்களின் கோபத்தைத் தணிக்கிற தண்ணீர். நாம் இதைப் பாராட்டலாமா?" என்று கேட்டார் ஒரு மில் தோழர். "குடிசை எரிந்து நடுத்தெருவில் நிற்கிறவனிடம் போய்ப் பாராட்டலாமா என்று கேளும்! ஓலை கொண்டு வருகிறவன் என்ன ஜாதி, எந்தச் சாமி என்றா அவன் பார்ப்பான்?" என்று திருப்பிக் கேட்டார் ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தேட வேண்டுமானால், பாரடைஸில் நடந்ததை ஆதியோடு அந்தமாக நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கொக்கியின் கதை

பாரடைஸ் பணக்காரர் ஊர் அல்ல. 2010ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே 26,218 பேர் இருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர், கிழவிகள் ஏராளம். நகரத்தில் வாடகை கொடுக்க முடியாமல், செலவு குறைவான ஊர் என்று மலையேறி வந்தவர்கள் அதிகம். சக்கரத்தின் மேல் கட்டிய தகர வீடுகளில், மாதா மாதம் தரை வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்களும் உண்டு.

அன்று காலை சுமார் 6.30 மணி. ஊருக்குக் கிழக்கே, ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், புல்கா என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்சாரக் கோபுரம். 'பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக்' என்ற பெரும் கம்பெனிக்குச் சொந்தமானது. 1,15,000 வோல்ட் மின்சாரம் ஓடும் கம்பியை அந்தக் கோபுரத்தில் தாங்கி நின்றது ஓர் இரும்புக் கொக்கி. ஏறக்குறைய நூறு வருஷத்துக் கொக்கி. காற்றில் ஆடி ஆடி, இரும்போடு இரும்பு உராய்ந்து, தேய்ந்து, அன்று அது முறிந்தது. அறுந்த கம்பி கோபுரத்தில் மோதியது. உருகிய உலோகப் பொறி கீழே காய்ந்து கிடந்த புல்லில் விழுந்தது. மழை காணாத மலை, வறண்ட பேய்க்காற்று. தீ இரண்டு மணி நேரத்துக்குள் ஊருக்குள் புகுந்துவிட்டது.

85 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். ஓட முடியாதவர்கள், வண்டி இல்லாதவர்கள், தகவலே கிடைக்காதவர்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாயின. 1,53,000 ஏக்கர் பூமி கருகிற்று.

மில்லில் வேலை செய்யும் தோழர்களே! தேய்மானம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஃபிட்டர் சொல்வார். "ஓடுகிறவரை ஓட்டு" என்று மேலே இருந்து பதில் வரும். ஒரு நாள் அது ஒரு தொழிலாளியின் விரலைக் கொண்டு போகும். பாரடைஸில் போனது ஓர் ஊர். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தக் கோபுரத்தின் மேல் ஆளை ஏற்றிச் சோதனை செய்து எத்தனை வருஷமாயிற்று? 2001ஆம் ஆண்டு முதல் ஒரு தடவைகூட ஏறிப் பார்க்கவில்லை என்று விசாரணையில் வெளிவந்தது. கம்பெனியிடம் பணம் இல்லையா? 450 கோடி டாலரை லாபப் பங்காகப் பங்குதாரர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கம்பிக்குப் பக்கத்தில் மரம் வெட்டுகிற செலவைச் சுருக்கினீர்களே என்று 2019இல் வில்லியம் ஆல்சப் என்ற ஃபெடரல் நீதிபதியே கம்பெனியைக் கண்டித்தார். அவர் முன்னால் இந்தக் கம்பெனி எப்படி வந்து நின்றது தெரியுமா? 2010இல் சான் புரூனோ என்ற ஊரில் அதன் கேஸ் குழாய் வெடித்து 8 பேர் செத்தார்கள். அந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த கம்பெனி அது!

கையைப் பார்த்துப் பேசுவோம்

இனி சர்ச் தொண்டர்களிடம் வருவோம்.

தீயிலிருந்து தப்பிய ஜனங்கள் மலையை விட்டு இறங்கிப் பக்கத்து நகரமான சிக்கோவுக்கு ஓடினார்கள். சில சர்ச்சுகள் அன்றே கதவைத் திறந்து அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தன. இடம் கிடைக்காதவர்கள் வால்மார்ட் கடையின் வண்டி நிறுத்தும் மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். உலகத்தின் மகா பணக்கார தேசத்தில், நவம்பர் குளிரில், தார்ச் சாலையின் மேல் கூடாரம்!

அடுத்து வந்தது சல்லடை வேலை. 'சமாரிட்டன்ஸ் பர்ஸ்' முதலிய கிறிஸ்துவ ஸ்தாபனங்களின் தொண்டர்கள் இறங்கிய வேலை இது. எரிந்த வீட்டுச் சாம்பல் வெறும் சாம்பல் அல்ல. ஈயமும் கல்நாரும் கலந்த விஷம் அது. அதில் முட்டி போட்டு உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

பிறகு வீடு கட்ட வந்தவர்களில் மென்னோனைட் என்ற பிரிவினர் முக்கியமானவர்கள். ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. இரண்டாவது உலக யுத்தத்தில் பட்டாளத்தில் சேர மறுத்த அவர்களுடைய இளைஞர்களைக் காட்டு வேலைக்கும் மனநோய் ஆஸ்பத்திரி வேலைக்கும் அனுப்பினார்கள். கூலி கிடையாது. பாராசூட் கட்டிக் குதித்துக் காட்டுத் தீயை அணைக்கிற வேலையைக்கூட அவர்களில் சிலர் செய்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் 1950இல் கான்சஸ் ராஜ்யத்தில் ஹெஸ்டன் என்ற சிற்றூரில் பேரிடர் உதவிக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். புயலோ, வெள்ளமோ, தீயோ, எங்கே வீடு போயிற்றோ அங்கே போய், இன்ஷூரன்ஸ் இல்லாத ஏழைக்கும் கிழவருக்கும் ஊனமுற்றவருக்கும் வீடு கட்டிக் கொடுப்பது அவர்கள் வேலை. சாமான் செலவுக்கு நன்கொடை, உழைப்பு இனாம். தச்சர், விவசாயி, வாத்தியார், பென்ஷன்காரர், காலேஜ் பையன் எல்லோரும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று முறை வைத்து வருகிறார்கள். ஒரே கூடத்தில் படுக்கிறார்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். காலையில் சுத்தியலோடு வேலைக்குப் போகிறார்கள்.

தோழர்களே, இதை நாம் ஏளனம் செய்ய முடியுமா? கூடாது. தன் விடுமுறையை, தன் இடுப்பு வலியை, முன்பின் தெரியாத ஒருவனின் கூரைக்காகக் கொடுக்கிறவனை ஏளனம் செய்கிறவன் உழைப்பாளியாக இருக்க முடியாது. அந்த மனிதர் சிலுவையைக் கும்பிடட்டும். நாம் அவருடைய உள்ளங்கையைப் பார்ப்போம். அதில் காய்ப்பு இருக்கிறது. அவர் நமது மனிதர்.

"இந்தத் தர்மம் கோபத்தைத் தணித்துவிடும்" என்றார் மில் தோழர். அப்படியானால் வேலைநிறுத்தத்தின்போது நாம் கஞ்சித் தொட்டி திறக்கிறோமே, அது போராட்டத்தைத் தணித்ததா? கஞ்சி குடித்த வயிறுதான் நாற்பது நாள் கேட்டில் நிற்க முடிந்தது. கூடாரத்தில் குளிரில் நடுங்குகிற கிழவி கோர்ட் படி ஏறப் போவதில்லை. அவளுக்கு ஒரு கூரையும் ஓர் அடுப்பும் கிடைத்தால், நாளைக்கு "என் புருஷனைக் கொன்றவன் யார்?" என்று கேட்க அவளுக்குத் தெம்பு வரும்.

தர்மத்தின் கை எட்டாத இடம்

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் நாம் பாதி வழியில் உட்கார்ந்தவர்கள் ஆவோம்.

வீடு கட்டித் தருவதாகத் தொண்டர் வருகிறார். முதல் கேள்வி என்ன? "மனை யாருடையது?" மனை சொந்தமாக உள்ளவனுக்குத்தான் அதில் வீடு எழுப்ப முடியும். வாடகை வீட்டில் இருந்தவன்? பிறத்தியார் தரையில் தகர வீட்டை நிறுத்தி வைத்திருந்த கிழவன்? தகரம் உருகிப் போயிற்று. தரை வேறொருவனுடையது. அவனுக்கு எத்தனை நல்ல உள்ளம் கொண்ட தச்சர் வந்தாலும் எங்கே அஸ்திவாரம் தோண்டுவார்? பட்டா இல்லாத மனையில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இந்த வேதனை புரியும். எரிந்தவர்களில் எவன் அதிக ஏழையோ, அவனுக்குத் தர்மத்தின் கை எட்டவில்லை. தர்மம் செய்தவரின் குற்றம் அல்ல அது. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதன் குற்றம்.

அவர்கள் எங்கே போனார்கள்? சிக்கோ நகரத்தில் ஏறக்குறைய 20,000 பேர் ஒரேயடியாக வந்து இறங்கினார்கள். வாடகை ஏறிற்று. பலர் வேறு ராஜ்யங்களுக்கே போனார்கள். 2020ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது பாரடைஸில் இருந்தவர்கள் 4,764 பேர்!

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு தொண்டர் குழு ஒரு வருஷத்தில் எழுப்பக்கூடிய வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். எரிந்ததோ ஆயிரக்கணக்கில். ஆகவே யாருக்குக் கட்டுவது என்று பொறுக்க வேண்டியிருக்கிறது. பொறுக்கப்பட்டவன் நன்றி சொல்கிறான். விடப்பட்டவன் யாரைக் கேட்பான்? தர்மத்தில் கேள்வி கேட்க இடமில்லை. உரிமையில் உண்டு.

சர்க்காரால் முடியாதா? முடியும் என்பதற்கு அதே ஊரில் சாட்சி இருக்கிறது. எரிந்த ஊரின் குப்பையை, 36 லட்சம் டன்னுக்கும் மேலானதை, சர்க்கார் பணத்தில் ஏறக்குறைய ஒரே வருஷத்தில் வாரி அப்புறப்படுத்தினார்கள். எந்தச் சர்ச்சாலும் இது ஆகியிருக்காது. பொதுப் பணமும் பொது அதிகாரமும் சேர்ந்தால் சாம்பலை வார முடிகிறது. வீடு மட்டும் ஏன் எழுப்ப முடியவில்லை? சாம்பலை வாரினால் மனைக்காரனுக்கு லாபம். ஏழைக்கு வீடு எழுப்பினால் யாருக்கு லாபம்? பதிலை நீங்களே சொல்லுங்கள்.

84 தடவை 'குற்றவாளி'

கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

2019 ஜனவரியில் அது திவால் மனு கொடுத்தது. எரிந்தவர்கள் கடன்காரர் வரிசையில் நின்றார்கள். 2020 ஜூன் மாதம், பியூட் ஜில்லா கோர்ட்டில் கம்பெனியின் தலைமை நிர்வாகி எழுந்து நின்றார். மாண்டவர்களின் பெயர்களை நீதிபதி ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் ஒவ்வொரு பெயருக்கும் "குற்றவாளி" என்று ஒப்புக்கொண்டார். 84 பெயர், 84 தடவை. தீ வைத்த குற்றத்தையும் கம்பெனி ஒப்புக்கொண்டது.

ஜெயிலுக்குப் போனவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. கம்பெனி என்ற பெயருக்கு விலங்கு மாட்ட முடியாதாம்! அபராதம் சுமார் 35 லட்சம் டாலர். செத்த தலைக்கு வகுத்துப் பாருங்கள், 41,000 டாலர் சொச்சம் வரும். சட்டம் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லையாம்.

நஷ்ட ஈடாக 1,350 கோடி டாலர் என்று பெரிய தொகை ஒன்று அறிவிக்கப்பட்டது. பாரடைஸுக்கு மட்டும் அல்ல. அதற்கு முன்னால் 2015லும் 2017லும் இதே கம்பெனியின் பெயர் அடிபட்ட வேறு தீக்களுக்கும் சேர்த்து. அதிலும் பாதிதான் ரொக்கம். மறு பாதி அதே கம்பெனியின் பங்குகள்! கூரையைக் கொளுத்தியவனின் லாபம் ஏறினால்தான் உனக்கு நஷ்ட ஈடு ஏறும் என்ற ஏற்பாடு. சூட்டுக் கோலால் சுட்டவன், அந்தக் கோலையே விற்று மருந்து வாங்கிக்கொள் என்பது போல. பணம் வருஷக்கணக்கில் இழுத்தடித்துத் துளித் துளியாக வந்தது. முழுத் தொகையும் வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியில்தான் சர்ச் தொண்டரின் சுத்தியல் சத்தம் கேட்டது. கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நாளைக் கடத்தியபோது, தச்சரும் வாத்தியாரும் பென்ஷன்காரரும் தங்கள் முதுகை வளைத்து அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியை அடைத்தார்கள். சொல்லப்போனால், ஏழைக்கு இனாமாக உழைத்தார்கள். அந்த உழைப்பில் ஒரு பங்கு அவர்களுக்கே தெரியாமல் கம்பெனிக் கணக்கில் வரவாயிற்று. அவர்கள்மேல் நமக்குக் கோபம் இல்லை. அப்படி ஆக்கிய ஏற்பாட்டின்மேல்தான் கோபம்.

கூலியில்லாத இன்னொரு கையும் உண்டு. அந்த நவம்பரில் கலிபோர்னியாவின் தீக்களோடு போராடியவர்களில் சுமார் 1,500 பேர் ஜெயில் கைதிகள். நெருப்பின் முன்னால் நின்ற நேரத்துக்கு மணிக்கு 1 டாலர். சட்டம் திருத்தி அதை 7 டாலர் 25 சென்ட்டாக உயர்த்த 2025ஆம் ஆண்டு வரை பிடித்தது. அணைத்தவன் கைதி, கட்டியவன் தொண்டன், எரித்தவன் பங்குதாரன். பணம் போன திசையை மட்டும் பாருங்கள், கதை முழுவதும் விளங்கும்.

மோதிரத்தையும் தேடு, கொக்கியையும் தேடு

ஆகவே, படிப்பு வட்டத்தில் வாதாடிய இரண்டு தோழர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்.

எங்கே தீயோ, எங்கே வெள்ளமோ, அங்கே நாம் முதலில் போக வேண்டும். மகஜர் எழுதுவது மறுநாள் வேலை. முதல் நாள் வேலை ஓலையும் கயிறும் தண்ணீர்க் குடமும். அங்கே நமக்கு முன்னால் பாதிரியார் வந்திருந்தால், அவரோடு சேர்ந்து மூங்கில் பிடிப்போம். மசூதிக்காரர் சோறு கொண்டு வந்தால், வரிசை போட்டுப் பரிமாறுவோம். நாம் தாமதித்துப் போய், முன்னால் வந்தவரைக் குறை சொல்வது நமக்கு மரியாதை அல்ல.

ஆனால் சாம்பலைச் சலிக்கும்போது மோதிரத்தை மட்டும் தேடாதீர்கள். கொக்கியையும் தேடுங்கள். பாரடைஸில் விசாரணைக்காரர்கள் அந்த முறிந்த கொக்கியைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அது இல்லாமல் போயிருந்தால் "எல்லாம் தெய்வச் செயல், காற்றின் கோபம்" என்று கதை முடிந்திருக்கும். அந்த ஜில்லாவின் சாதாரணப் பிரஜைகள் ஜூரியாக உட்கார்ந்து சாட்சியம் கேட்டுக் குற்றச்சாட்டு வைத்ததால்தான், கோடீஸ்வரக் கம்பெனி கோர்ட்டில் நின்று 84 தடவை வாயைத் திறக்க நேர்ந்தது. தண்டனை அற்பம்தான். ஆனால் தீ வானத்திலிருந்து விழவில்லை, கம்பெனியின் கணக்குப் புஸ்தகத்திலிருந்து விழுந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்த அளவுக்கு அது ஜனங்களின் வெற்றி.

அந்த ஊரில் வீடு கட்டிய தொண்டரை நாம் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. சந்தித்தால் ஒன்று கேட்போம். "ஐயா, நீங்கள் எழுப்பிய சுவர் நேராக நிற்கிறது. உங்கள் கைக்கு எங்கள் வணக்கம். ஆனால் அந்தக் கூரைக்கு மேலே போகிற கம்பியைப் பார்த்தீர்களா? அதைத் தாங்குகிற கொக்கி எத்தனை வருஷத்துக் கொக்கி என்று கேட்டீர்களா? கேளுங்கள். உங்களோடு சேர்ந்து நாங்களும் கேட்கிறோம்."

மில்லில் உள்ள தோழர்களே! நாளை ஷிப்டுக்குப் போகும்போது உங்கள் தலைக்கு மேலே பாருங்கள். வயலில் உள்ள தோழர்களே! தாழத் தொங்குகிற மின்சாரக் கம்பிக்கு அடியில் நடக்கும்போது நிமிர்ந்து பாருங்கள். தேய்ந்த கொக்கி எங்கே இருக்கிறது என்று அதன் கீழே வேலை செய்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். அதைத் தனியாகச் சொன்னால் வேலை போகும். சங்கமாகச் சேர்ந்து சொன்னால் கொக்கி மாறும்.

எரிந்த பிறகு ஓடி வருகிற கைகள் வாழ்க! எரியாமல் தடுக்கிற கைகள் பெருகுக!